தஞ்சாவூர் வீணைக்குத் தடை எதுவும் இல்லை

"சைட்டீஸ் ஒப்பந்தத்தில் ஈட்டி மரத்துக்குத் தடை, இனி தஞ்சாவூர் வீணையை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சைட்டீஸ் என்பது அழியும் ஆபத்தில் உள்ள விலங்குகள், மரங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம். அவர் சொல்வது தவறு. இதை நம்பி யாராவது ஆர்டரை ரத்து செய்தால், அடி விழுவது பட்டறைக்காரர்கள் வயிற்றில்.

தஞ்சாவூர் வீணை செய்வது பலா மரத்தில். குடத்தை (உருண்டையான அடிப்பாகம்) குடைவதும் தண்டியை (நீண்ட கழுத்துப் பகுதி) செதுக்குவதும் அதில்தான். பலா சைட்டீஸ் பட்டியல்களிலேயே கிடையாது.

ஈட்டி மர இனம் 2017 ஜனவரியில் சேர்ந்தது இரண்டாம் பட்டியலில். அது தடை இல்லை. அனுமதிச் சான்று வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் 2019 ஜெனீவா மாநாட்டில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்தும் விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ஈட்டி மட்டும் 1992 முதல் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அது நம் ஊர் மரமே இல்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது தந்தம். பாட்டி காலத்து வீணையை எடுத்துப்போகிறவர்கள், குடத்தின் விளிம்பில் ஓடும் வெள்ளைப் பட்டை தந்தமா, மான் கொம்பா என்று பட்டறையில் காட்டிக் கேளுங்கள். இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். இப்போது செய்பவற்றில் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.