மூடியை எடுத்தவன்

ஞாயிற்றுக்கிழமை என்னை டாக் பண்ணிய, என் மகன் அழுகிற அந்தப் படத்தையும் அதற்குக் கீழே வந்த கொமன்ட்டுகளையும் பார்த்தவர்களுக்கு, எதைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று விளங்கும். பார்க்காதவர்கள் தேடிப் போகவும் வேண்டாம்.

மகனுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். பல் முளைக்கும்போது பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் வைத்த சாமான்களில் எதை எடுக்கிறதோ அதை வைத்து என்னவாக வரும் என்று சொல்கிற சடங்கு. 9 மாதம். தட்டில் புத்தகம், பேனை, சங்கிலி, காசு, மாமா கொண்டுவந்த ஸ்டெதஸ்கோப். அவன் ஒன்றையும் தொடவில்லை. தவழ்ந்து போய்க் கொழுக்கட்டைச் சட்டியின் மூடியை இழுத்தெடுத்தான். அதை நிலத்தில் ஒருமுறை தட்டினான். சத்தம் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தான். திரும்பவும் தட்டினான். பிறகு சிந்திக் கிடந்த ஒரு கொழுக்கட்டைக்கு மேல் மூடியைப் போட்டான், தூக்கினான், அது அங்கேயே இருந்தது. அவனுக்கு வந்த சிரிப்பு! அந்த நேரம் பார்த்து மாமா மூடியைப் பறித்து, ஸ்டெதஸ்கோப்பைக் கையில் திணித்தார். பிள்ளை வீறிட்டான். அதுதான் படம். ‘டொக்டர் தம்பி அழுகிறார்’ என்று ஒருவர். ‘மூடியை எடுத்தவர் ஹோட்டல்தான் போடுவார்’ என்று இன்னொருவர்.

பகிடிதானே என்பீர்கள். சரி, பகிடிதான். ஆனால் அவன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். தட்டினால் சத்தம் வரும், மறைத்த சாமான் மறைத்த இடத்திலேயே இருக்கும் என்று படித்துக்கொண்டிருந்தான். ஒளித்து வைத்ததைத் தேட வேண்டும் என்றே பிள்ளைகளுக்கு 8, 9 மாதமளவில்தான் தோன்றத் தொடங்கும். அதற்கு முன் துணியைப் போட்டு மூடினால் அதோடு விட்டுவிடுவார்கள். அவ்வளவு பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தபோது பறித்தீர்கள்.

என் பல்லுக்கொழுக்கட்டைக்கு நான் கத்தரிக்கோல் எடுத்தேனாம். சத்திரசிகிச்சை நிபுணர் என்று அன்றைக்கே முடிவு. தையல்காரி என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லையோ தெரியாது. ஏ.எல். பரீட்சை, பயோ பிரிவில், இரண்டு முறை எடுத்தேன். இரண்டாம் முறையும் மருத்துவ பீடத்துக்கு இசட் ஸ்கோர் (பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற புள்ளி) காணாது என்றானபோது, ‘கத்தரிக்கோல் எடுத்த பிள்ளை’ என்று சொல்லிச் சொல்லி அம்மா அழுதா. இப்போது கொழும்பில், பம்பலப்பிட்டியில் கணக்குப் பார்க்கிற வேலை செய்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். அதை விடுவோம்.

‘சின்னனிலேயே மூளையைத் தூண்ட வேண்டும், வீடியோ போட்டுக் காட்டு’ என்று ஒரு அக்கா இன்பொக்ஸில் வந்தா. அக்கா, ஆங்கிலம் கேட்டு வளர்ந்த 9 மாதப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2003இல் வெளிவந்தது. சில பிள்ளைகளோடு சீனமொழிக்காரர் நேரில் இருந்து விளையாடினார்கள், வாசித்துக் காட்டினார்கள். வேறு சிலருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். நேரில் கேட்டவர்கள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். வீடியோ பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியும்விட்டது. அம்மம்மா பாயில் இருந்து அவனோடு கைதட்டிச் சப்பாணி கொட்டுகிறாவே, அதுதான் அக்கா தூண்டல். 9ஆம் மாதத்துக்குச் சப்பாணி என்று பிள்ளைத்தமிழில் ஒரு பருவமே வைத்தவர்கள் நாங்கள். டொக்டர் பருவம் என்று அதில் ஒன்றும் இல்லை.

‘இன்னும் பிடிக்காமல் நிற்கவில்லையோ?’ என்றும் ஒரு கேள்வி. தனியே நிற்கத் தொடங்கும் வயது ஏறக்குறைய 7 மாதத்திலிருந்து 17 மாதம் வரை போகும் என்று அதே உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. பின்னடைவு இருந்தால் கண்டுபிடிக்க வேண்டாமா என்றால், வேண்டும். அதற்குக் கிளினிக் இருக்கிறது, மிட்வைஃப் இருக்கிறா. நீங்கள் வேண்டாம்.

நீங்களெல்லாம் இரண்டு மணித்தியாலம் இருந்து, சாப்பிட்டு, படமெடுத்துவிட்டுப் போனீர்கள். பிறகு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் விக்கி விக்கி அழுத பிள்ளையோடு நான். பல் வருகிறது என்று இரண்டு கிழமையாக இரவில் அவனும் படுப்பதில்லை, நானும் படுப்பதில்லை. அவன் என்னவாக வருவான் என்று இத்தனை பேர் சொன்னீர்கள். நீ நித்திரை கொண்டாயா என்று ஒருவர் கேட்டீர்களா?

மாமா, இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். படத்தை அழியுங்கள் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டேன். உங்கள் ஸ்டெதஸ்கோப் இங்கேதான் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள். காதில் வைக்கிற றப்பர் இரண்டிலும் பல் அடையாளம் இருக்கும்.