சொல்லிவிட்டு விற்கச் சொன்னது குற்றமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் விற்பனைக்கு வந்திருக்கிற அந்த வீட்டை விற்காதீர்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிடுகிற புண்ணியவான்கள் இன்னொரு முறை படித்துப் பார்க்கவும். "தண்ணீர் பிரச்சனையே இல்லாத தெரு" என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். அதன் கீழே நான் எழுதியது ஒரே வரி: "2015-லும் 2023-லும் இங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது, வாங்குகிறவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தெரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். பொறாமையாம். தெருவுக்கே துரோகமாம்.

விளம்பரத்தில் சொன்னது குடிதண்ணீரைத்தான் என்று ஒருவர் விளக்கம் வேறு கொடுத்திருக்கிறார். அது சரி, வட சென்னைக் கொடுங்கையூரில் டிசம்பர் மாதம் தண்ணீருக்கு என்றைக்குப் பஞ்சம்!

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை. நாங்கள் இந்த வீட்டை வாங்கியது 2009 ஏப்ரலில். வெயில் மண்டையைப் பிளக்கிறது, தெருவில் புழுதி பறக்கிறது. புது பெயின்ட் வாசனை. ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயின்ட் எல்லாம் என் தோள் உயரத்துக்கு மேலே இருந்தன. மிக்ஸி போட வேண்டுமென்றால் ஒயர் எட்டாது. ஏன் இப்படி என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைங்க கை வெச்சிடக் கூடாதும்மா, அதான்" என்றார் விற்றவர். எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று வழியெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஹாலில் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டியிருந்ததையும் அழகுக்கு என்றுதான் நினைத்தேன்.

2015 டிசம்பரில், இருட்டில், தண்ணீர் அந்த டைல்ஸைத் தாண்டி ஏறியபோதுதான் புரிந்தது. அந்த வீட்டின் ஒவ்வொரு சுவரும் எனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லாதது அந்த மனுஷன் மட்டும்தான். அம்மாவின் தையல் மெஷின் அதில்தான் போனது. மோட்டார் எரிந்துபோவதும் ஃபிரிட்ஜ் மிதப்பதும் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான், அதை விடுங்கள். அந்த மெஷினை வெயிலில் காயவைத்து, எண்ணெய் விட்டு, நாலு நாள் சுற்றிப் பார்த்தேன். சக்கரம் அசையவே இல்லை.

அவர் சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேனா? வாங்கியிருப்பேன். எங்கள் கையில் இருந்த காசுக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பேன், தரையை உயர்த்தியிருப்பேன், மெஷினை மாடியில் வைத்திருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், சொல்லிவிட்டு விற்கலாமே!

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

"வாங்குகிறவன்தான் விசாரிக்க வேண்டும்." சரி. விசாரித்தால் பதில் சொல்கிறவளைத்தானே குழுவிலிருந்து தூக்குகிறீர்கள்? அப்புறம் யாரிடம் விசாரிப்பது, புரோக்கரிடமா? 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவை யாராவது படித்ததுண்டா? விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால் விற்கிறவர் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போனது, நான் இட்டுக்கட்டியதில்லை.

"டாக்குமென்ட் எல்லாம் கிளியர்." பத்திர ஆபீஸ் வாசலில் பன்னிரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், என்னிடமே இதைச் சொல்கிறார்கள். வில்லங்கச் சான்றில் அடமானம் வரும், விற்பனை வரும். தண்ணீர் வில்லங்கம் வராது. பட்டாவிலும் வராது. 'அ' பதிவேடு என்கிற கிராம நிலப் பதிவேட்டில் அந்த சர்வே எண் ஒரு காலத்தில் ஏரியா, வாய்க்காலா என்று பார்க்கலாம், புல வரைபடத்தில் பக்கத்தில் கால்வாய் போகிறதா என்று பார்க்கலாம். பெரிய அடுக்குமாடி என்றால், வெள்ளம் தேங்குமா என்று பார்த்து நீர்வளத் துறை தடையில்லாச் சான்று கொடுத்திருக்கிறதா, அதில் தரைமட்டம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்கலாம். இதைவிடச் சுலபம், தெருமுனை அயர்ன் வண்டிக்காரரைக் கேட்பது. இல்லாவிட்டால் ஈ.பி. மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகிறீர்களா, ஏறிப் போகிறீர்களா என்று பாருங்கள். ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, எத்தனை வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள் நம் பக்கம்!

என் அக்கா மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் வீடு வாங்கினான். அங்கே வெள்ள வரைபடம் இருக்கிறது, விலாசத்தைப் போட்டால் எந்த மண்டலம் என்று எழுத்தோடு வந்துவிடுமாம். ஆபத்தான மண்டலத்தில் வங்கிக் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயமாம். நூறு வருஷ வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு முறை வருவது என்று அர்த்தமில்லையாம், வருஷா வருஷம் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருஷக் கடன் முடிவதற்குள் அது ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். முன்பு வெள்ளம் வந்திருந்தால் விற்கிறவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று டெக்சாஸில் 2019-லேயே சட்டமாக்கிவிட்டார்கள். இங்கே வெள்ளம் பரவுகிற சமவெளியை, எங்கே கட்டலாம் எங்கே கூடாது என்று மண்டலம் பிரிக்க மத்திய அரசு மாதிரிச் சட்டம் எழுதியது 1975-ல். விரல்விட்டு எண்ணுகிற மாநிலங்கள்தான் நிறைவேற்றின. நம் மாநிலம் அதில் இல்லை.

ஆனால் ஒன்றில் நாம் மேல். அங்கே சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் வராது, தனியாக எடுக்க வேண்டும், எடுத்தாலும் பொதுவாக முப்பது நாள் கழித்துத்தான் செல்லும். இங்கே 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிரஹ ரக்ஷா' என்று எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்கிறார்கள், புயல் வெள்ளம் எல்லாம் அதற்குள்ளேயே வருகிறது. மனை விலையைச் சேர்க்க மாட்டார்கள், கட்டுகிற செலவு மட்டும்தான். 600 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 12 லட்சம். வீட்டுச் சாமானுக்கு அதில் 20 சதவீதம் தானாகவே சேரும், அதாவது 2,40,000. நகை அதில் வராது. வாடகைக்கு இருப்பவர்களும் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். நான் வருஷத்துக்குக் கட்டுவது இரண்டு கேஸ் சிலிண்டர் காசு கூட இல்லை.

2018-ல் வீட்டுக் கடனை அடைத்துப் பத்திரம் வாங்கப் போனபோது, ஃபைலுக்குள் ஒரு பாலிசி இருந்தது. கடன் கொடுத்தபோதே என் காசில் எடுத்து வைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு வெள்ளமும் உண்டு. 2015-ல் அது உயிரோடு இருந்திருக்கிறது! யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்புதான். இன்சூரன்ஸ் என்றால் செத்தால் வருவது என்றுதானே இருந்தேன். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது, தண்ணீர் வடிவதற்கு முன்பே சுவரின் கறையோடு போட்டோ எடுத்து அனுப்பினேன். கேட்டதெல்லாம் வரவில்லை, ஆனால் வந்தது. அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாய்க்கு மேலே வந்தது.

"புது வடிகால் போட்டாச்சு, இனிமேல் வராது." வடிகாலால் பலன் இருக்கிறது, நானே பார்த்தேன், சின்ன மழைக்கு இப்போது சீக்கிரம் வடிகிறது. ஆனால் கால்வாயே நிரம்பி, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலும் ஏறி நின்றால் தண்ணீர் எங்கே போகும்? அதையும் சேர்த்தே சொல்லுங்களேன், வடிகால் போட்டிருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

கடைசியாக, என்னை நிஜமாகக் குத்தியது. "நீயே வட சென்னையைக் கேவலப்படுத்தலாமா? தெற்கே வேளச்சேரியில் வரவில்லையா?" வருகிறது. அங்கே வந்தால் 'ஏரி ஆக்கிரமிப்பு' என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். இங்கே வந்தால் 'அந்தப் பக்கம் எப்பவும் அப்படித்தான்' என்று போய்விடுகிறார்கள். இந்த வலி எனக்குத் தெரியாதா? என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மாறியதை நான் பார்க்கவில்லையா? நம்மைக் கேவலப்படுத்துவது என் ஒரு வரி இல்லை. இங்கே வந்து குடியேறப்போகிற ஒரு டிரைவரோ தையல்காரியோ கடன் வாங்கிய காசைத் தண்ணீரில் போடட்டும் என்று வாய்மூடி இருப்பதுதான்.

விற்கிற அண்ணனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது, தெரியும். வீட்டை வாங்க வந்த பார்ட்டி கலைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

இன்று காலையில் குழு அட்மின் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறார். மன்னிப்பு என்று நினைத்துத் திறந்தேன். "அக்கா, தெரு மோட்டாரும் ஓஸ் பைப்பும் உங்க வீட்லதானே இருக்கு? இந்த வாரம் மழைன்னு சொல்றாங்க."

இருக்கிறது. போன வருஷமே கழுவி, சுருட்டி, பரண்மேல் வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.