காலைக் குறை சொல்லாதீர்கள்

அந்த ரிசெப்ஷன் வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தொகுத்து வழங்கிய பெண் ஹீல்ஸைக் கழற்றி மேடை ஓரம் வைத்துவிட்டு வெறுங்காலோடு மைக் பிடித்தாளே, அதுதான். "நடக்கத் தெரியலன்னா எதுக்குப் போடணும்?" என்று கீழே எழுதியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு.

கோளாறு அவள் நடையில் இல்லை. செருப்பில். நம் காலை அளந்து செய்யாத செருப்பில்.

நம் கடைகளில் கிடைப்பது இங்கிலாந்து அளவு, இல்லாவிட்டால் ஐரோப்பிய அளவு. இங்கிலாந்துக் கணக்கில் ஒரு சைஸ் ஏறினால் மூன்றில் ஒரு பங்கு அங்குல நீளம் கூடும். அந்த எண் அகலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. நம் அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை 3டி ஸ்கேனரில் அளந்து பார்த்தது. இந்தியப் பாதம் அகலமானது, இப்போதுள்ள அளவுகள் நமக்குச் சரிவராது என்றுதான் தெரியவந்தது.

அகலம் போதாவிட்டால் என்ன செய்கிறோம்? ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறோம். தட்டைச் செருப்பில் எப்படியோ சமாளிக்கலாம். ஹீல்ஸில் முடியாது. குதிகால் உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்தில் இறங்கும். கால் முன்னால் வழுக்கி விரல்கள் கூர்முனையில் நெரியும். பின்னால் செருப்பு கழன்று கழன்று வரும். இதைத்தான் "நடக்கத் தெரியல" என்கிறீர்கள்.

முன்பு நான் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த இடத்தில் ஹீல்ஸ் கட்டாயம். பாண்டி பஜாரில் ஒரு கடையில் எனக்கு 39 என்றால் அடுத்த கடையில் 41. சுண்டுவிரல் பிதுங்கி நிற்கும்போதே "போடப் போட லூஸாயிடும் மேடம்" என்பார் விற்பனைத் தம்பி. லூஸாகவில்லை. செருப்புக் கடி புண்ணானது. அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டேன். வாடிக்கையாளர்கள் வந்தால் சிரித்த முகத்தோடு வரவேற்றேன். தட்டைச் செருப்பு போட்டுக்கொள்ளட்டுமா என்று மேலாளரிடம் கேட்டேன். "கஸ்டமர் முன்னாடி நல்லா இருக்காதும்மா" என்றார். பெருவிரல் அடியில் புடைத்த எலும்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

"யாரும் கட்டாயப்படுத்தலையே" என்பீர்கள். தட்டைச் செருப்போடு வந்த வரவேற்பாளரை லண்டனில் வீட்டுக்கு அனுப்பிய செய்தி 2016இல் வெளிவந்தது. ஹீல்ஸைக் கட்டாயமாக்கக் கூடாது என்று பிலிப்பைன்ஸ் அரசு 2017இல் உத்தரவே போட்டது. அங்கெல்லாம் இருந்த கட்டாயம் சென்னையில் மட்டும் இருக்காதா? "ஆண்களுக்கும் ஷூ கடிக்குமே" என்றால், சரி, கடிக்கும். நீங்கள் கழற்றினால் யாராவது வீடியோ எடுக்கிறார்களா?

ஆசைப்பட்டுப் போடுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும். ஆசைப்பட்டால் ரத்தம் கசியத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தினார்கள். மேடையில் நிற்கிற பெண்ணுக்கு யார் நாற்காலி போட்டது? வந்தவர்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் சாப்பிட்டாளா என்றாவது ஒருவர் கேட்டிருப்பாரா? கால் வலித்தது, கழற்றினாள், வேலையைக் குறையில்லாமல் முடித்துக் கொடுத்தாள். அதற்கா இவ்வளவு ஏளனம்?

இந்தப் பதிவின் கீழும் அவளைக் கேலி செய்தால் நட்பிலிருந்து நீக்கிவிடுவேன். சொந்தக்காரர்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன்.