‘தெரியாது’ என்ற பதிலை எந்தக் கட்டத்தில் போடுவது?

புலம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் காசநோயைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அளக்கும் ஆய்வுகளில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று பிரித்துக் கேட்பார்கள். சரி, தவறு, தெரியாது என்று மூன்று கட்டங்கள். கடைசியில் கூட்டிப் பார்த்து, ‘இந்தச் சமூகத்தில் விழிப்புணர்வு குறைவு’ என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது.

ஒரு அம்மா, எழுபதை நெருங்கியவர். எப்படிப் பரவும் என்று கேட்டால் “தெரியாதுப்பா”. அறிகுறி என்ன என்றாலும் “தெரியாதுப்பா”. பத்துக் கேள்வியில் எட்டுக்கு அதே பதில்தான். படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டும்போது வாசல் வரை வந்தார். பின்னால் யாரும் இல்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: “தம்பி, எங்க வீட்டுக்காரர் ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாரு. ஒரு நாள் விடாம நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போகும். இதைச் சொன்னா எங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்களா?”

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சுச் சிவப்பாக்கும். ஆறு மாத மருந்தை நடுவில் விட்டால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். இதெல்லாம் அந்த அம்மாவுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். எங்கள் தாளில் அவருக்குக் கிடைத்தது பத்துக்கு இரண்டு. படிவத்தில் பெயர் இல்லை, குடியேற்ற அலுவலகத்துக்கு இது போகாது என்று அப்புறம்தான் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். ஒப்புதல் தாளில் அது இருக்கத்தான் செய்கிறது. நாங்கள்தான் அதை வேகமாக வாசித்துத் தள்ளிவிடுகிறோம்.

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘காசநோய்’ என்று கேட்டதும் ஒரு பெரியவர் இழுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “டிபிங்க ஐயா” என்றேன். முகமே மாறிவிட்டது. இன்னும் வயதானவர்களிடம் எலும்புருக்கி என்றோ சயரோகம் என்றோ சொல்ல வேண்டியிருக்கும். தாளில் ஒரே ஒரு சொல்தான் அச்சாகியிருக்கிறது.

தவறு என்று குறிக்கப்படும் பதில்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். “விசாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் எனக்கு எப்படி வரும்?” என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த எக்ஸ்ரே தேடுவது நுரையீரலில் ஏற்கெனவே கிளம்பிவிட்ட நோயை. உள்ளே உறங்கும் தொற்று அதில் தெரியாது. உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேருக்குக் கிருமி உள்ளே போயிருக்கும் என்பது மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது நோயாகும். காசநோய் குறைவாக உள்ள நாடுகளில், குடியேறியவர்களுக்கு வரும் நோயில் பெரும்பகுதி இப்படி உறக்கம் கலைந்து எழுவதுதான். இதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சொல்லாததைத் தெரியவில்லை என்று மதிப்பெண் குறைப்பது என்ன நியாயம்?

குழந்தைப் பருவத்தில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியும் அப்படித்தான். “சின்ன வயசுல ஊசி போட்டதாலதான் கையில தடிக்குது” என்று சொன்னால் தவறு என்று போடுகிறார்கள். கிருமி உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி போட்டுச் செய்யும் தோல் பரிசோதனையில் அப்படி நடக்கவும் செய்யும்! அதனால்தான் பிசிஜியால் குழம்பாத ரத்தப் பரிசோதனை வந்தது. சொல்ல வேண்டியது, பெரியவர்களின் நுரையீரலுக்கு அந்த ஊசியின் காவல் அவ்வளவாகப் போதாது என்பது.

மனப்பான்மைப் பகுதியில் ஒரு கேள்வி, நோயாளிக்குத் தனித் தட்டு வைப்பீர்களா என்று. நிறையப் பேர் ஆமாம் என்கிறார்கள். காற்றில் பரவும் நோய்க்குத் தட்டு என்ன செய்யும்? நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று சென்னையில் நடந்த ஆய்வு 1960களிலேயே காட்டிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் வீடு வீடாகச் சொன்னால்கூட, மறைக்கிறவர்கள் பாதியாகக் குறைவார்கள் என்று நம்புகிறேன்.

என்னைக் கேட்டால், தாளின் முதல் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: ‘மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை என்றால் எங்கே போவீர்கள், போகவிடாமல் உங்களைத் தடுப்பது எது?’ பதிலுக்குக் கட்டம் வேண்டாம். வெறும் கோடுகள் போட்டு, எழுத இடம் விட்டால் போதும்.

அந்த அம்மாவின் படிவத்தில் எட்டு ‘தெரியாது’ அப்படியே இருக்கிறது. டிக் போட்டது நான்தான்.