அது 'சில் அவுட்' அல்ல, தம்பி

சனிக்கிழமை மண்டபத்தில் இசைத்தட்டுக் கேட்கக் கூடியபோது நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்களுக்கும் அதற்குள் செய்தி போய்விட்டது. நான் குரலை உயர்த்தியது பிழை. இசையை அறிவித்த அந்தத் தம்பியை அன்றிரவே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் சொன்ன விஷயத்தை நான் திரும்பப் பெறவில்லை. பெறவும் மாட்டேன்.

அன்று ஒலித்தது 'சில் அவுட்' இசைத்தட்டு அல்ல.

"1990 இல் வந்த கேஎல்எஃப்பின் சில் அவுட்" என்று அறிவித்துவிட்டு ஒலிக்கவிட்டது, அதையே மாற்றியமைத்து 2021 இல் வெளிவந்த 'கம் டவுன் டோன்' (Come Down Dawn). இரண்டையும் செய்தவர்கள் கேஎல்எஃப் என்ற பிரித்தானிய இசைக்குழுவின் அதே பில் ட்ரமண்டும் ஜிம்மி கோட்டியும்தான். அதைச் சுட்டிக்காட்டியபோது கிடைத்த பதில்: "எல்லாம் ஒன்றுதானே அண்ணா, இது கொஞ்சம் துப்புரவாக்கியது." நாலு பேர் சிரித்தார்கள்.

துப்புரவாக்கியது. இரண்டு நாளாக அந்தச் சொல் என் காதிலிருந்து இறங்கவில்லை. எந்த அழுக்கைத் துப்புரவாக்கினார்கள்? எல்விஸ் பிரெஸ்லியின் குரலையா? ஃப்ளீட்வுட் மேக்கின் 'அல்பட்ரோஸ்' கிட்டாரையா? அனுமதி பெறாமல் பயன்படுத்திய ஒலித்துண்டுகள் என்பதால் அவை புதிய பதிவில் இல்லை. சட்டம் அப்படி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டிலிருந்து ஆட்களை வெளியேற்றிவிட்டு, வீடு துப்புரவாக இருக்கிறது என்று சொல்வார்களா?

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1989 இல் லண்டனைச் சுற்றி எம்25 நெடுஞ்சாலை ஓரத்துக் களஞ்சியங்களிலும் வயல்களிலும் விடிய விடிய ரேவ் எனும் நடன விருந்துகள் நடந்த காலம். நகரத்துக்குள் சாரிங் குரொஸ் அடியில் இருந்த ஹெவன் நடன விடுதியில், கீழே ஆட்டம் அதிர, மேலே களைத்துப்போனவர்கள் சாய்ந்திருக்க ஓர் அறை. அங்கே 'தி ஓர்ப்' இசைக்குழுவின் அலெக்ஸ் பாட்டர்சனும் ஜிம்மி கோட்டியும் தாளமில்லாத ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்துகொண்டிருந்தார்கள். அந்த அறையின் மூச்சுத்தான் 1990 பெப்ரவரியில் 'சில் அவுட்' ஆக வெளிவந்தது. 44 நிமிடம் ஒரே ஓட்டம். கலக்கும்போது எங்காவது பிழை வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். டெக்சாஸ் கரையிலிருந்து லூசியானாவுக்குப் போகும் ஓர் இரவுப் பயணம் அது. ரெயில், செம்மறி ஆடுகள், வானொலிப் போதகர், பெடல் ஸ்டீல் கிட்டார். புதியதில் பயணமே வேறு: புரூக்ளினிலிருந்து மெக்சிகோ நகரத்துக்கு. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் மாறிய பிறகும் அதே பயணமா?

பெயரை மாற்றியவர்கள் அவர்களே என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கே அது இன்னொன்று என்று தெரிந்திருக்கிறது. ஒன்றென்று சொல்வது நாம்தான்.

இந்த விஷயத்தில் அந்த இருவரும் நேர்மையானவர்கள். 1987 இல் அவர்களுடைய முதல் முழுநீள இசைத்தட்டில் சுவீடன் குழுவான அபாவின் 'டான்சிங் குவீன்' அனுமதியின்றி இருந்ததால், அத்தனை பிரதிகளையும் அழிக்கும்படி உத்தரவு வந்தது. மிச்சப் பிரதிகளோடு சுவீடன் வரைக்கும் காரில் போனார்கள். அபாவைச் சந்திக்க முடியவில்லை. சிலவற்றை வயலில் எரித்தார்கள், சிலவற்றைத் திரும்பும் வழியில் கப்பலிலிருந்து கடலில் எறிந்தார்கள். பிறகு ஒலித்துண்டுகளை வெட்டியெடுத்த பதிப்பொன்றை வெளியிட்டார்கள். வெட்டிய இடங்களில் நீண்ட மௌனம். அந்த மௌனங்களை எந்தெந்த இசைத்தட்டை வைத்து எப்படி நிரப்பலாம் என்று அட்டையிலேயே அச்சடித்தும் கொடுத்தார்கள். இல்லாததை இல்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை நமக்கு அதை யாராவது சொன்னார்களா?

அவர்களுடைய இன்னொரு இசைத்தட்டான 'தி வைட் ரூம்' பற்றியும் இதே கதைதான். 1991 இல் பிரித்தானியாவில் வந்ததில் 'லாஸ்ட் ட்ரெயின் டு ட்ரான்சென்ட்ரல்' மெதுவாக மிதந்து வரும். அமெரிக்கப் பதிப்பில் அந்த இடத்தில் தனி இசைத்தட்டாக வந்த ஆரவாரமான வடிவம். 2021 இல் இன்னொரு பதிப்பு. எதைக் கேட்டேன் என்று சொல்லாமல் "வைட் ரூம் எனக்குப் பிடிக்கவில்லை" என்பவரோடு என்ன கதைப்பது?

இனி, எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன். "படைத்தவனுக்குத் திருத்த உரிமை இல்லையா?" இருக்கிறது. நூறு முறை திருத்தட்டும், நூற்றையும் வாங்கிக் கேட்கிறேன். நான் கேட்பது அறிவிப்பவரின் பொறுப்பை. 1990 என்று சொல்லிவிட்டு 2021 ஐப் போடாதீர்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை. இதற்குத்தான் "பிடிவாதக் கிழவர்" என்ற பட்டம்.

"பத்து லட்சம் பவுணைக் கொளுத்தியவர்களே கவலைப்படவில்லை, உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 1994 ஆகஸ்ட்டில் ஸ்கொட்லாந்தின் ஜூரா தீவில் அவர்கள் எரித்தது அவர்களுடைய பணம். 1992 மே மாதம் தங்கள் பதிவுகள் அனைத்தையும் விற்பனையிலிருந்து எடுத்ததும் அவர்களுடைய முடிவு. நான் காதால் கேட்டது என்னுடையது. அதை ஜூராவுக்குக் கொண்டுபோக முடியாது.

இன்னொருவர் கேட்டது கொஞ்சம் வலித்தது. "எங்களுக்கும் இந்த வெள்ளைக்காரச் சத்தங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

சொல்கிறேன்.

1990 குளிர்காலம். தென் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பத்திலிருந்து ஆறு வரை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கதிரை, ஒரு சிறு ஹீட்டர், ஒரு கசெட் பிளேயர். கூட வேலை செய்த மாணவன் ஒருவன் படிப்பு முடிந்து போகும்போது ஒரு கசெட்டைத் தந்துவிட்டுப் போனான். 90 நிமிடக் கசெட், ஒரு பக்கத்துக்கு 45. பாட்டு முடிந்து சுமார் அரை நிமிடம் இரைச்சல் மட்டும் ஓடும். பிறகு டக்கென்று நிற்கும். அந்த அரை நிமிடத்தில்தான் நான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன்.

அந்த ஜூனில் ஊரில் மீண்டும் சண்டை தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. கடிதம் வருவதென்றால் மாதக்கணக்கு. அப்பாவும் அம்மாவும் அங்கே. மூன்று மணிக்கு வாகனம் எதுவும் வராத நேரத்தில் அந்தக் கசெட்டைப் போட்டுவிட்டு இருப்பேன். ரெயில் ஒன்று கடந்து போகும். பாதிவழியில், எங்கோ தூரத்து வீட்டு வானொலியில் பாடுவதுபோல, எல்விஸின் குரல் மெல்ல மேலே வரும். கிட்டார் அதைத் தாங்கிக்கொண்டு கூடவே நடக்கும். பிறகு குரல் அமுங்கிப் போகும்.

எங்கள் அப்பா பருத்தித்துறையில் தபால் கந்தோர் எழுதுவினைஞர். இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் எல்விஸ் வந்தால் வானொலிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். பாட்டு முடியும்வரை எடுக்க மாட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அது சூடாக இருக்கும் என்று தங்கை ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். லண்டனில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குரல் எழும்பும்போதெல்லாம் நானும் கசெட் பிளேயரின்மேல் கையை வைத்திருந்திருக்கிறேன். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத இரவுகள் அவை.

சனிக்கிழமை நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். குரல் வரவில்லை. முதலில் நான் கவனிக்கத் தவறிவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அதன் பிறகுதான் எழுந்தேன், கத்தினேன்.

அழகான பதிவு என்கிறீர்கள். இருக்கட்டும். 'கம் டவுன் டோன்' எனக்கும் பிடிக்கும், விடியற்காலை கார் ஓட்டும்போது கேட்டிருக்கிறேன். அதை அதன் பெயரால் கூப்பிடுங்கள். அது வந்த ஆண்டைச் சொல்லுங்கள். எது எடுக்கப்பட்டது என்று ஒரு வரி சொல்லுங்கள். அறிமுகத்துக்குப் பத்து நிமிடம் கதைத்தீர்களே, அதில் ஒரு வரிக்கு இடமில்லையா?

அந்தக் கசெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாடா சற்று இழுபட்டு, தொடக்கத்து ஒலி கொஞ்சம் தடித்துவிட்டது. ஆனால் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது. டெக்கின் பெல்ட்டை இன்று மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை இரண்டையும் தூக்கிக்கொண்டு வருகிறேன், அரை மணி முன்னதாக மண்டபத்தைத் திறந்து தாருங்கள். தம்பி, நீங்கள் முன் வரிசையில் இருக்க வேண்டும்.