கிட்டப் போய் எடுத்த அந்த ஓர்கா வீடியோ

மூன்று நாளாக எல்லாருடைய பக்கத்திலும் அந்த வீடியோதான் ஓடுகிறது. எது என்று நான் சொல்லத் தேவையில்லை. திருகோணமலை நிலாவெளிக்கு அப்பால் ஓர்காக் கூட்டம் (கொலையாளித் திமிங்கிலம் என்பார்களே, அது), சுற்றி ஆறு போட், "கிட்ட விடுங்கோ அண்ணே, இன்னும் கிட்ட விடுங்கோ" என்ற அந்தச் சத்தம். கீழே "எங்கட திருமலை" என்று பெருமை. எனக்கும் பெருமைதான். நீலத் திமிங்கிலம் பார்க்கச் சீசன் முழுக்க ஓடினாலும் ஓர்காவைக் காணாமலே சீசன் முடிகிற கடல் இது. அவ்வளவு அருமையாக வந்த விருந்தாளியை நாங்கள் நடத்திய விதம்தான் எனக்குத் தாங்கவில்லை. நானும் ஆள் ஏற்றிப் போட் ஓடுகிறவன்தான். 100 மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்று நான் எழுதியதற்கு நிறையப் பேர் கோபித்து எழுதியிருந்தீர்கள், அதற்குத்தான் இந்தப் பதில்.

போட்டைக் கிட்டக் கொண்டு போக எஞ்சின் இருந்தால் போதும். 100 மீற்றரில் நிற்கத்தான் தொழில் தெரிய வேண்டும்.

எப்படி நிற்பது என்று கேட்டிருந்தீர்கள், சொல்கிறேன். ஓர்காவின் முதுகுத் துடுப்பு தெரிந்தவுடன், அரைக் கிலோமீற்றருக்கு முன்னாலேயே வேகத்தை 6 நொட்டுக்கு (மணிக்கு 11 கிலோமீற்றர் அளவு) குறையுங்கள். முன்னால் போய் மறிக்காதீர்கள், பின்னால் துரத்தாதீர்கள். பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி, அது போகும் திசைக்குச் சமாந்தரமாகப் போங்கள். 100 மீற்றரில் நியூட்ரல். நியூட்ரலில் போட்டுவிட்டு ஒவ்வொரு நிமிடமும் கியரைத் தட்டிக்கொண்டிருப்பதும் பிழை, அந்த 'டக்' சத்தம் தண்ணீருக்கடியில் நன்றாகக் கேட்கும். ஏற்கெனவே இரண்டு போட் நின்றால் மூன்றாவது தள்ளி நின்று முறை பார்க்க வேண்டும். இவ்வளவுதான். இந்த நாட்டில் கடல் பாலூட்டிகளைப் பார்க்கப் போவதற்கு 2012இலிருந்தே ஒழுங்குவிதி இருக்கிறது, நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சத்தம் ஏன் பெரிய விசயம்? ஓர்கா காதால் இரை தேடுகிற சாதி. தானே ஒலி எழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டு இரை எங்கே என்று அறியும். புரொப்பெலர் வேகமாகச் சுற்றும்போது குமிழிகள் உண்டாகி உடைகிற இரைச்சல் அது கேட்க வேண்டிய ஒலியை மூடிவிடும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், சாமன் மீனைத் தின்று வாழ்கிற தெற்குக் கூட்டம் ஒன்று இருக்கிறது, மிஞ்சியிருப்பது எழுபத்துச் சொச்சம். போட் 400 யார் (ஏறக்குறைய 365 மீற்றர்) தூரத்துக்குள் வந்தால் அதில் பெண் ஓர்காக்கள் வேட்டையை நிறுத்திவிடுகின்றன என்று ஆய்வில் கண்டார்கள். 2025 ஜனவரியிலிருந்து வாஷிங்டன் மாநிலத்தில் அந்தக் கூட்டத்துக்கு 1000 யார் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். ஏறக்குறைய 900 மீற்றர். நான் 100 மீற்றர் கேட்டதற்குத்தான் இத்தனை பேர் கோபித்தீர்கள்.

"அது தானாகத்தானே போட்டுக்குக் கிட்ட வந்தது?" ஓம், வரும். அடியில் புகுந்து, சரிந்து படுத்து, ஒரு கண்ணால் உங்களை மேலே பார்க்கும். அப்படி வந்தால் நியூட்ரலிலேயே இருங்கள், பார்த்துக் கண் நிறையுங்கள், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வீடியோவில் தண்ணீரைப் பாருங்கள். போட்டுக்குப் பின்னால் வெள்ளை நுரை கோடு கிழித்திருக்கிறது. நின்ற போட்டுக்கு நுரை வராது.

"தொழில் செய்கிறவன் வயிற்றில் அடிக்கிறாய்." இது நியாயமான கோபம். 2004 சுனாமி, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, 2022இல் எண்ணெய்க்கு வரிசை. ஒவ்வொரு தடவையும் முதலில் கரையேறியது போட்தான். ஆனால் துரத்தப்பட்ட கூட்டம் இங்கே நிற்காது. கூட்டம் போனால் யாரைக் காட்டி டிக்கெட் விற்பது?

"கப்பல்கள் அடித்துக் கொல்வதைக் கேட்க மாட்டாயா?" கேட்கிறேன். இலங்கைக்குத் தெற்கே கப்பல் பாதையில் நீலத் திமிங்கிலம் அடிபட்டுச் சாவது உண்மை. அதற்காக நாங்கள் குறுக்கே வெட்டலாம் என்று ஆகாது. "அது ஓர்காவே இல்லை" என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு: கண்ணுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு தெளிவாக இருக்கிறது, விடுங்கள். "மனுசரைத் தின்னுமே" என்கிறவர்களுக்கு: திறந்த கடலில் ஓர்கா மனிதனைக் கொன்றதாகப் பதிவில்லை.

"உனக்கு அன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை, அதுதான் எரிச்சல்." இதை எழுதியவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். வலித்தது. அன்று நான் கடலில் இல்லை, உண்மை. இருந்திருந்தால் 100 மீற்றரில் நின்றிருப்பேன், அந்த வீடியோ என்னிடமும் இருந்திருக்காது.

யாரும் பேசாத ஒன்று அதில் இருக்கிறது. 40ஆவது வினாடியில் நிறுத்திப் பாருங்கள். நடுவில் ஒரு சின்னன். அதன் திட்டு வெள்ளையாக இல்லை, இளஞ்செம்மஞ்சள். பிறந்து சில மாதம் வரை அப்படித்தான் இருக்கும். அந்த வயதில் குட்டி தாயின் விலாவோடு ஒட்டித்தான் நீந்தும், தாய் கிழித்துப் போகும் நீரோட்டம் அதையும் இழுத்துப் போகும். விலகினால் தன் பலத்தில் நீந்த வேண்டும், சீக்கிரம் களைக்கும். மூச்சுக்குத் தாயைவிடக் கூடுதல் தடவை மேலே வரவும் வேண்டும். இரண்டாவது போட் வெட்டியது தாய்க்கும் அதற்கும் இடையில். அடுத்த பதினைந்து வினாடி குட்டி திரையில் இல்லை. பிறகு தலை மட்டும் தெரிகிறது, பக்கத்தில் தாய் இல்லை. அதற்குள் வீடியோ முடிந்துவிடுகிறது. மூன்று நாளாக எனக்கு அந்த இடம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த ஆறு போட்டிலும் போனவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முழு வீடியோவை வெட்டாமல் அனுப்புங்கள், உங்கள் பெயரைப் போட மாட்டேன். துடுப்பின் வெட்டுகளையும் அதற்குப் பின்னால் இருக்கிற சாம்பல் திட்டையும் வைத்துத்தான் எந்த ஓர்கா எது என்று பிரிப்பது. 1970களில் கனடாவில் மைக்கல் பிக் என்ற ஆய்வாளர் தொடங்கிய முறை அது. பெரிய ஆணின் இடப்பக்கப் படம் கிடைத்துவிட்டது. வலப்பக்கம் வேண்டும். அதைவிட முக்கியமாக, 40ஆவது வினாடிக்குப் பிறகு யாராவது கமராவை அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் சொல்லுங்கள். குட்டி தாயோடு சேர்ந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.