தூக்கிப் போடாதவர்களின் பக்கம் பேசுகிறேன்

உறவு முறிந்துவிட்டது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அறிவுரை வந்துவிடுகிறது: "அவர் கொடுத்ததை எல்லாம் தூக்கிப் போடு. ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதே." சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். எனக்குத்தான் இதில் உடன்பாடில்லை. என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு செருப்புப் பெட்டி இருக்கிறது. அது அங்கேயேதான் இருக்கும்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கைக்குட்டை, புத்தகத்துக்குள் காய்ந்து பழுப்பேறிய ஓர் இலை, இரண்டு சினிமா டிக்கெட். அந்த டிக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் மை என்று எதுவும் கிடையாது. காகிதத்தின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெளிச்சம் பட்டால் அந்த எழுத்து மெல்ல வெளுக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால், சில உறைகளில் இன்னும் சீக்கிரமாகவே அழிந்துவிடும். என் டிக்கெட்டுகளில் படத்தின் பெயர் போய்விட்டது. இருக்கை எண்ணில் ஓர் எழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீக்குச்சி ஒரு நொடியில் முடித்துவிடும் வேலையை அது தன் போக்கில் செய்துகொண்டிருக்கிறது. எனக்கும் அந்த வேகம்தான் தோதுப்படுகிறது.

கைக்குட்டைதான் பொல்லாதது. மற்ற புலன்களின் செய்தி மூளைக்குள் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சுற்றிப் போகும். மணம் மட்டும் நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் நுழைந்துவிடும். நல்லவேளையாக இப்போது அதில் அலமாரியின் வாசனைதான் வீசுகிறது.

கைப்பேசியில் இருக்கும் படங்களுக்கு இந்த இரக்கம் கிடையாது. அவை பழுப்பதில்லை, மங்குவதில்லை. நாம் கேட்காமலேயே "சென்ற ஆண்டு இதே நாளில்" என்று சிரித்த முகத்தை நீட்டுகின்றன. விருப்பமில்லாத பிரிவைச் சந்தித்த 40 பேருக்கு முன்னாள் துணையின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. கையில் சூடு பட்டு வலிக்கும்போது இயங்கும் பகுதிகளில் சில, படத்தைப் பார்த்தபோதும் இயங்கின. ஆகவே, தூக்கிப் போட்டே தீர வேண்டும் என்று யாராவது நின்றால், அந்த நினைவூட்டலை முதலில் நிறுத்தச் சொல்வேன். படங்களை ஒரு பென்டிரைவில் மாற்றி, அதையும் பெட்டிக்குள் போட்டுவிடலாம்.

பெட்டியை மூடிய பிறகு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். உட்கார்ந்தால் மனம் அரைத்த மாவையே அரைக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சிலரை மரமும் புல்லும் உள்ள வழியில் 90 நிமிடம் நடக்க விட்டார்கள். சிலரை வாகனங்கள் இரையும் சாலையோரம் அதே நேரம் நடக்க விட்டார்கள். மரங்களுக்கு நடுவே நடந்தவர்களிடம் அந்த அரைப்பு குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் குறையவில்லை. மரம் மருந்து என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. மரத்துக்கு நம் கதை தெரியாது, "யார் மேல் தப்பு?" என்று அது கேட்பதில்லை. அந்த அலட்சியமே எனக்குப் போதுமாக இருக்கிறது.

ஒரு மாலை, புதருக்கு அருகே ஒரு சிலந்தி கிழிந்த வலையைச் சுருட்டி வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பல இப்படித்தான்: பழைய இழையைத் தின்று, அதன் சத்திலிருந்தே புதிய இழையைச் சுரக்கும். உடனே வாழ்க்கைப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரமும் அவர் நினைவு வரவில்லை. எனக்கு அதுதான் செய்தி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கை நீட்டியவரோ மிரட்டியவரோ கொடுத்த பொருளுக்கு இந்த வக்காலத்து எதுவும் பொருந்தாது. அதை எறிவது உங்கள் உரிமை. மிரட்டல் செய்திகளை மட்டும் அழிக்காதீர்கள், புகார் கொடுக்க நேர்ந்தால் சான்றாகத் தேவைப்படும்.

ஆறுதல் சொல்லக் கிளம்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலமாரியைச் சுத்தம் செய்ய வராதீர்கள். மாலையில் நடக்கக் கூட வாருங்கள். வழியில் எதையும் விசாரிக்காமல் வந்தால் இன்னும் நல்லது.